முகத்துக்கு நேராகச் சொன்ன நண்பனுக்கு எப்படி நன்றி சொல்வது?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 42. கல்லூரிக் காலத்திலிருந்து இரண்டு நெருங்கிய நண்பர்கள். நான்கு வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். குடும்பத்துக்கு நேரம் வேண்டும் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நண்பன் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "பத்துப் பேர் முன்னாடி பேச உனக்குப் பயம்டா. அதுக்குக் குடும்பத்தை இழுக்காதே" என்று சொல்லிவிட்டான். ஏழெட்டு மாதம் அவனோடு பேசவில்லை. இடையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது வந்து பார்த்துவிட்டுப் போனான், அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இன்னொரு நண்பன், அதே வாய்ப்பு மறுபடி வந்தபோது, நான் கூட்டத்தில் பேச வேண்டியதைத் தினமும் இரவு போனில் தன்னிடம் பேசிப் பார்க்க வைத்தான். இப்போது அந்தக் குழுவை நான்தான் நடத்துகிறேன். அந்தச் செய்தியைச் சொன்னபோது சந்தோஷத்தில் போனிலேயே கத்தியவன் என்னைத் திட்டிய நண்பன்தான். இவர்களுக்கு நான் என்ன செய்து கடனைத் தீர்ப்பது என்று தெரியவில்லை. போன மாதம் முதலாமவனிடம் நன்றி சொல்ல ஆரம்பித்தேன், "போடா, வேற வேலை இல்லையா" என்று பேச்சை மாற்றிவிட்டான். என் மனைவியோ, "அவர் எப்பவும் உங்களைக் குறைதானே சொல்றார்" என்கிறார். நன்றி சொல்வது அவசியமா, எப்படிச் சொல்வது? இன்னொன்று, என் குழுவில் இருக்கும் ஒரு இளைஞனிடம் எனக்கு இருந்த அதே பயத்தைப் பார்க்கிறேன். அவனிடம் நானும் அப்படி நேராகச் சொல்லலாமா?

பதில்:

உங்கள் மனைவி கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்களைத் திட்டிய அந்த நண்பர் நன்றிக்கு உரியவர்தானா என்று வீட்டுக்குள்ளேயே ஒரு சந்தேகம் இருக்கும்போது, நீங்கள் என்ன சொல்லக் கிளம்பினாலும் பாதியில் தடுமாறும். அதோடு அது நியாயமான சந்தேகமும்கூட. "நான் மனசுல பட்டதைச் சொல்லிடுவேன், பிடிச்சா பிடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு எதிரில் இருப்பவரை நோகடிப்பதையே பழக்கமாக வைத்திருப்பவர்கள் நிறைய பேர். அவர்களிடம் மாட்டிக்கொண்டு, "அவன் என் நல்லதுக்குத்தானே சொல்றான்" என்று வருடக்கணக்கில் தன்னைத் தானே சமாதானப்படுத்தி, தன்னம்பிக்கை மொத்தமும் கரைந்த பிறகு ஆலோசனைக்கு வருகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் நண்பரும் அந்த ஆட்களும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவருமே முகத்துக்கு நேராகப் பேசுகிறார்கள், இருவரிடமும் பேசிவிட்டு வந்தால் மனசு வலிக்கிறது. வலியை மட்டும் வைத்து ஆளைப் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

அப்புறம் எதை வைத்துச் சொல்வது? நான் முதலில் கேட்பது, அவர் உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பதைத்தான். நீங்கள் போக விரும்பும் இடத்துக்கா, அவர் உங்களை வைத்துப் பார்க்க விரும்பும் இடத்துக்கா? ஸ்டீபன் ட்ரிகோட்டஸ், காரில் ரஸ்பல்ட் உள்ளிட்ட உளவியலாளர்கள் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள், அதில் பேசப்படுவதை 'மைக்கலாஞ்சலோ விளைவு' என்பார்கள். கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் உருவத்தை வெளியே கொண்டுவருவதுதான் சிற்பியின் வேலை என்று மைக்கலாஞ்சலோ கருதியதாகச் சொல்வார்கள் இல்லையா, பெயர் அங்கிருந்து வந்தது. அவர்கள் ஆராய்ந்தது பெரும்பாலும் காதலர்களையும் தம்பதிகளையும்தான், ஆனால் நெருங்கிய நட்புக்கும் அது பொருந்துவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நாம் எப்படி ஆக வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறோமோ, அந்த ஆளாகவே நம்மை நினைத்துப் பழகும் ஒருவர் பக்கத்தில் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக நாம் அந்தப் பக்கம் நகர்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆசை நம்முடையதாக இருக்க வேண்டும். தன் ஆசையை நம் மேல் செதுக்க நினைப்பவர் கையில் உளி இருந்தால் கதை வேறு.

உங்கள் விஷயத்தில் அந்த ஆசை யாருடையது என்பதற்குக் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. மறுத்துவிட்டு வந்த அன்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதவியே வேண்டாம் என்று உண்மையில் நினைத்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நீங்கள் யாரிடமும் சொல்லாததை அவர் எப்படியோ பார்த்துவிட்டார், பார்த்ததைச் சொல்லியும்விட்டார். அவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, நீங்கள் குழுத் தலைவர் ஆனால் அவருக்கு என்ன வரப்போகிறது?

இன்னொரு சோதனையும் உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. நமக்குக் கஷ்டம் வரும்போது யார் வருகிறார்கள் என்றுதான் எப்போதும் பார்க்கிறோம். நல்ல செய்தி சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நம் நல்ல செய்தியை உற்சாகமாக வாங்கிக்கொண்டு மேலும் கேட்கிற துணை கிடைத்தவர்களின் உறவு நன்றாக இருந்ததைக் கண்டார்கள். "ஓ, சரி, நல்லது" என்று சப்பென்று கேட்பதும், "அதுல இனிமே எவ்வளவு தலைவலி வரும் தெரியுமா" என்று ஆரம்பிப்பதும் அப்படி இல்லை. உங்களைக் குறை சொன்னவர், செய்தி கேட்டதும் போனிலேயே கத்தியிருக்கிறார். குறை சொல்வதிலேயே சுகம் காண்பவர்களால் இது முடியாது, நீங்கள் ஜெயித்தால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விடும்.

அவர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், நாலு பேர் நடுவில் சொல்லவில்லை. நீங்கள் பேசாமல் இருந்த மாதங்களிலும் அம்மாவைப் பார்க்க வந்தார், வந்த இடத்தில் "நான் அன்னிக்குச் சொன்னேனே" என்று ஆரம்பிக்கவில்லை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல. நட்புக்கு ஐந்து அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், அதில் ஒன்றை முழுக்க, பழைய நண்பர்கள் நம்மிடம் எடுத்துக்கொள்ளும் உரிமைக்கே கொடுத்திருக்கிறார். அந்த வகை உரிமைதான் இது.

ஆனால் இதெல்லாம் உங்கள் மனைவிக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நண்பன் திட்டினால் வீட்டுக்கு வந்து புலம்புவோம், அவன் பாராட்டினால் அதை நமக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். அந்த ஏழெட்டு மாதமும் அவர் காதில் விழுந்தது உங்கள் கோபம் மட்டும்தான். அதை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்ததில் என்ன தப்பு? இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அந்த வாய்ப்பை மறுக்க நீங்கள் காட்டிய காரணம் குடும்பம். தனக்காகத்தான் கணவர் பெரிய வாய்ப்பை விட்டுக்கொடுத்தார் என்று அவர் இத்தனை நாள் நம்பியிருக்கலாம், அதற்காக மனசுக்குள் குற்ற உணர்ச்சியோ நன்றியோ சுமந்திருக்கலாம். உண்மைக் காரணம் பயம்தான் என்று நீங்களாக அவரிடம் எப்போதாவது சொன்னீர்களா? சொல்லவில்லையென்றால், நண்பருக்கு எழுதுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த நண்பரைப் பற்றி அவரிடம் தனியாக வாதாட வேண்டிய தேவையே வராமல் போகலாம்.

சரி, நன்றிக்கு வருவோம்.

"அவனுக்குத் தெரியாதா என்ன, சொல்லித்தான் தெரியணுமா" என்று நெருங்கிய நண்பர்கள் விஷயத்தில் எல்லோரும் நினைக்கிறோம். அதுவும் ஆண்களுக்குள் இது ரொம்பவே அதிகம், இருபது வருடம் பழகியிருப்பார்கள், ஒரு நல்ல வார்த்தை நேராகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்களை, தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர்களிடமே கேட்டார்கள், பிறகு கடிதம் கிடைத்தவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிட, கிடைத்தவர்கள் அதிகமாக ஆச்சரியப்பட்டார்கள், அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். படிக்கக் கூச்சமாக இருக்கும் என்று எழுதியவர்கள் பயந்த அளவுக்கு அவர்கள் கூச்சப்படவும் இல்லை. எழுதியவர்களின் கவலையெல்லாம் சரியான வார்த்தை கிடைத்ததா, ஒழுங்காகச் சொன்னேனா என்பதில் இருந்தது. வாங்கியவர்கள் அதில் இருந்த அன்பைத்தான் பார்த்தார்கள், நடை எப்படி என்று யாரும் மார்க் போடவில்லை.

"போடா" என்று அவர் பேச்சை மாற்றியதை வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரில் உட்கார்ந்து ஒருவர் நம்மைப் புகழும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று சொன்னது சரிதானா, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்ற கேள்வி அவருக்குள்ளும் கிடக்கலாம். உங்களுக்கு அது நல்லபடியாக முடிந்த கதை. அவருக்கு அது, ஒரு வார்த்தை சொன்னதால் இருபது வருட நண்பன் பேச்சையே நிறுத்திய கதை. நீங்கள் மறுபடி பேச ஆரம்பித்தபோது அந்த விஷயத்தை நீங்களும் எடுத்திருக்க மாட்டீர்கள், அவரும் எடுத்திருக்க மாட்டார். ஆக, தான் சொன்னது எங்கே போய் விழுந்தது, அதனால்தான் ஏதாவது மாறியதா என்பது இன்று வரை அவருக்கு முழுசாகத் தெரியாமல்கூட இருக்கலாம்.

அதனால்தான் சொல்வது அவசியம் என்கிறேன். சும்மா ஒரு நல்ல வார்த்தை சொன்னவருக்கு நன்றி சொல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. இவர் நட்பையே பணயம் வைத்துச் சொன்னார். நீங்கள் நிரந்தரமாக விலகியிருக்கலாம், நிறைய பேர் அப்படி விலகியும் போகிறார்கள். அது தெரிந்தும் சொன்னாரே, அதை நீங்கள் கவனித்தீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

எப்படிச் சொல்வது என்றால், முதலில் அந்தக் 'கடன்' கணக்கைக் கீழே வையுங்கள். பிலிப் வாட்கின்ஸும் அவருடைய சகாக்களும் 2006-இல் செய்த ஆய்வில், உதவி செய்தவர் பதிலுக்கு எதையாவது எதிர்பார்க்கிறார் என்ற எண்ணம் கூடக்கூட, உதவி பெற்றவரிடம் கடன்பட்ட உணர்ச்சி கூடியது, நன்றியுணர்ச்சியோ குறைந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நம்மை வேறு வேறு பக்கம் இழுக்கின்றன. கடன்பட்டதாக நினைப்பவர் சீக்கிரம் எதையாவது கொடுத்துத் தீர்த்துவிட்டு விடுபடப் பார்ப்பார். உங்கள் நண்பர்கள் எதையும் எதிர்பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. விலை உயர்ந்த பரிசு ஒன்றை வாங்கிக் கொடுத்தால் உங்கள் மனசு லேசாகும், அவர்கள்தான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழிப்பார்கள்.

அடுத்தது, என்ன சொல்வது. பெரும்பாலானோர் நன்றி சொல்லும்போது தங்களுக்குக் கிடைத்ததைப் பற்றியே பேசுகிறார்கள், "எனக்குப் பதவி கிடைச்சது, சம்பளம் கூடிச்சு, வாழ்க்கையே மாறிடுச்சு" என்று. சாரா ஆல்கோ என்பவர் நன்றி பற்றியே பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். அவரும் சகாக்களும் 2016-இல் தம்பதிகளை ஒருவருக்கொருவர் நன்றி சொல்ல வைத்துக் கவனித்தபோது, கேட்பவரைத் தொட்டது தனக்குக் கிடைத்த பலனைச் சொன்ன பேச்சு அல்ல, எதிரில் இருப்பவர் செய்ததையும் அவருடைய குணத்தையும் எடுத்துச் சொன்ன பேச்சுதான். உங்கள் கடிதத்தில் 'நீ' அதிகமாகவும் 'நான்' குறைவாகவும் வரட்டும்.

நேரில் வேண்டாம், எழுதி அனுப்புங்கள். மார்ட்டின் செலிக்மனும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதத்தை எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள், அப்படிச் செய்தவர்களின் மகிழ்ச்சி நன்றாகவே கூடியது, ஒரு மாதம் கழித்தும் அது தெரிந்தது, அதன் பிறகு மங்கியது. நேரில் போவது நல்ல முறைதான், ஆனால் "போடா" என்று எழுந்து போகிற ஆளுக்கு அது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். எழுத்தாக இருந்தால் தனியாக உட்கார்ந்து படிப்பார், மறுபடியும் படிப்பார். எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் எழுதிப் போடாதீர்கள். அந்த மாதிரிப் பதிவுகளில் நன்றி பாதி, நான் எவ்வளவு நல்லவன் பார் என்பது பாதி. தவிர, அவர் உங்களிடம் தனியாகச் சொன்னதை நீங்கள் ஊரைக் கூட்டிச் சொல்வானேன்?

உதாரணத்துக்கு இப்படி எழுதலாம், உங்கள் பேச்சு வழக்கிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்:

"டேய், நேர்ல சொன்னா நீ ஓடிடுவே, அதான் எழுதறேன். அன்னிக்கு எனக்குப் பயம்னு நீ சொன்னே. எல்லாரும் நான் சொன்ன காரணத்தைக் கேட்டுட்டுத் தலையாட்டினாங்க, நீ ஒருத்தன்தான் ஆட்டல. சொன்னா நான் பேச்சை நிறுத்திடுவேன்னு உனக்குத் தெரியாம இருந்திருக்காது, தெரிஞ்சும் சொன்னே. நான் பேசாம இருந்தப்போ அம்மாவைப் பார்க்க வந்தே, அந்தப் பேச்சையே எடுக்கல. அது இன்னும் ஞாபகம் இருக்கு. போன வாரம் மீட்டிங்ல பேசிட்டு வெளியே வரும்போது உன்னைத்தான் நினைச்சேன். பதில் எல்லாம் எழுத வேண்டாம்."

அந்தக் கடைசி வரி முக்கியம். பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற பாரம் அவருக்கு வேண்டாம். அனுப்பிய பிறகு படித்துவிட்டானா, என்ன நினைத்தான் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், மறுநாள் வழக்கம்போல வேறு விஷயம் பேசுங்கள்.

இதில் நான் வேண்டுமென்றே சேர்க்காத ஒன்று இருக்கிறது, மன்னிப்பு. பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் வேறொரு நாளில், ஒரே வரியில். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், அவர் உடனே "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, நீ ஏன் ஃபீல் பண்றே" என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். நன்றி வாங்க வேண்டியவர் மறுபடியும் உங்களைத் தேற்றும் வேலைக்குப் போய்விடுவார்.

அதேபோல, "நீ இல்லைன்னா நான் இல்லை" என்ற வகைப் பேச்சும் வேண்டாம். அது உண்மையும் இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்று பேசியது நீங்கள். அன்று அவர் சொன்ன விதம் கொஞ்சம் அதிகம் என்று உங்களுக்கு இப்போதும் பட்டால், அதையும் மறைக்க வேண்டியதில்லை, எப்போதாவது பேச்சுவாக்கில் "விஷயம் சரி, சொன்ன விதம்தான் சுள்ளுன்னு இருந்துச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் சொன்ன எல்லாமே சரி என்று ஒப்புக்கொண்டால்தான் நன்றி என்றில்லை. உங்களிடம் உண்மை பேசுகிறவரிடம் நீங்களும் உண்மை பேசலாம், அவர் அதைத் தாங்குவார்.

இப்போது இரண்டாவது நண்பர். நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் திட்டிய நண்பரைப் பற்றித்தான், இவருக்கு ஒரே ஒரு வாக்கியம். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அடித்தது ஞாபகம் இருக்கும், பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்தது மறந்துபோகும். ஆனால் தொழில்முறையில் பார்த்தால் பெரிய வேலையைச் செய்தவர் இவர்தான் என்பேன்.

காரணம் சொல்கிறேன். பயம் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். பத்துப் பேர் முன்னால் பேச வேண்டும், நெஞ்சு படபடக்கிறது, ஏதோ காரணம் சொல்லித் தப்பித்துவிடுகிறோம், உடனே அப்பாடா என்று இருக்கிறது. அந்த 'அப்பாடா'தான் வினை. தப்பித்தால் நிம்மதி கிடைக்கும் என்று மனசு கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தப்பிக்கப் பார்க்கிறது. பயந்த விஷயம் நிஜத்தில் அவ்வளவு பயங்கரம் இல்லை என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வருவதில்லை. இதை உடைக்க எங்கள் துறையில் செய்வது, பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக, பாதுகாப்பான சூழ்நிலையில், திரும்பத் திரும்பச் சந்திக்க வைப்பது. நேராகப் பத்துப் பேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த மாட்டோம், முதலில் நம்பிக்கையான ஒருவர் முன்னால் பேச வைப்போம், தடுமாறினால் விட்டுவிட்டு ஓடாமல் மறுபடி பேச வைப்போம். உங்கள் நண்பர் எந்தப் படிப்பும் படிக்காமல், தினமும் இரவு போனில் செய்தது இதேதான். உனக்குப் பயம் என்று சொன்னதால் மட்டும் பயம் போயிருக்காது. பெயர் தெரிந்த பயத்தோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் சொதப்பச் சொதப்ப, தன் தூக்கத்தையும் விட்டுவிட்டு ஒருவர் போனின் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாரே, அங்கேதான் அது குறைந்தது.

அவருக்கு எழுதும்போது பொதுப்படையாக "ரொம்ப உதவியா இருந்தே" என்று முடித்துவிடாதீர்கள். ஏதாவது ஒரு குறிப்பிட்ட இரவைச் சொல்லுங்கள். நீங்கள் எந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தடுமாறினீர்கள், அவர் அப்போது என்ன சொன்னார், சிரித்தாரா, சும்மா இருந்தாரா, எந்த நாளில் முதல் முறையாக முழுசாகப் பேசி முடித்தீர்கள். அவர் இதையெல்லாம் மறந்தே போயிருப்பார். அவர் மறந்ததை நீங்கள் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்பது போதும், வேறு அலங்காரம் எதுவும் தேவையில்லை.

கூடவே ஒன்று கேட்கிறேன். இந்த இரண்டு பேரும் தங்கள் வாழ்க்கையில் எதைக் கண்டு ஒதுங்கிப் போகிறார்கள், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? நீண்ட கடிதத்தில் அவர்களைப் பற்றி அந்த மாதிரி ஒரு வரிகூட இல்லை. நம்மை எப்போதும் தூக்கி விடுகிற நண்பர்களுக்குக் கஷ்டமே கிடையாது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இதைப் பதிலுக்குப் பதில் செய்யச் சொல்லவில்லை, அது மறுபடி கடன் கணக்காகிவிடும். அவர்களைப் பற்றி விசாரிக்க உங்களுக்கு ஆர்வம் வருகிறதா என்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை சந்திக்கும்போது உங்கள் அலுவலகக் கதையை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, "உன் பக்கம் என்ன ஓடுது" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் குழுவில் இருக்கும் அந்த இளைஞன். அவரிடம் அப்படி நேராகச் சொல்லலாமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில்.

உங்கள் நண்பர் சொன்னபோது உங்களால் கோபித்துக்கொள்ள முடிந்தது. ஏழெட்டு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாக யோசித்து, உங்கள் மரியாதை குறையாமல் திரும்பி வர முடிந்தது. இந்த இளைஞனுக்கு அந்த வசதி கிடையாது. நாளைக் காலையில் உங்களிடம் வேலைக்கு வர வேண்டும், உங்கள் கையெழுத்தில்தான் அவருடைய மதிப்பீடு இருக்கிறது. உங்களோடு பேசாமல் இருக்க முடியாதவரிடம், உங்கள் நண்பர் எடுத்துக்கொண்ட உரிமையை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, உங்கள் பயத்தை நண்பர் கண்டுபிடித்தது இருபது வருடம் பழகியதால். இவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம், நீங்கள் அவரிடம் பார்ப்பது உங்கள் பழைய முகமாகவும் இருக்கலாம். அவருக்கு உண்மையிலேயே வீட்டில் நேரம் தேவைப்படலாம், அந்தப் பொறுப்பில் ஆசையே இல்லாமலும் இருக்கலாம்.

அதற்காகக் கண்டும் காணாமல் இருக்கவும் வேண்டாம். டேவிட் யேகரும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்கு உதவும். ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் ஆசிரியர்கள் திருத்தங்களைக் குறித்துக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரின் தாளில் மட்டும், "உன்னிடம் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் குறிப்புகள்" என்ற பொருளில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டப்பட்டது. மற்றவர்களுக்குச் சாதாரணச் சீட்டு. கட்டுரையைத் திருத்தி எழுதுவது அவரவர் விருப்பம். கறுப்பின மாணவர்களில், சாதாரணச் சீட்டு கிடைத்தவர்களில் 17 சதவீதம் பேர்தான் திருத்தி எழுதினார்கள், அந்த இன்னொரு சீட்டு கிடைத்தவர்களில் 72 சதவீதம் பேர். சின்ன ஆய்வுதான், ஆனாலும் திருத்தங்களில் ஒரு வித்தியாசமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இவர் ஏன் இதைச் சொல்கிறார் என்ற சந்தேகம் எதிரில் இருப்பவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அறிவுரை உள்ளே போகாது, அந்தச் சந்தேகத்துக்கு நாமே முதலில் பதில் சொல்லிவிட வேண்டும்.

அதனால் அவரிடம் உங்கள் கதையிலிருந்து ஆரம்பியுங்கள். "கூட்டத்துல பேசறதுன்னா எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, அதை மறைக்க வேற காரணம் சொல்லிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், உனக்கும் அப்படித்தானே என்று கேட்காதீர்கள். அவருக்கும் அப்படி என்றால், அன்றைக்கு இல்லாவிட்டாலும் சில நாள் கழித்து அவராக வருவார். வந்தால் அடுத்த வாரக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசுகிற மாதிரி ஒரு சின்ன வேலை கொடுங்கள், முந்தின நாள் உங்கள் அறையில் உட்கார்ந்து பேசிப் பார்க்கட்டும், தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள், அந்தத் தடுமாற்றம் எதுவும் அவருடைய மதிப்பீட்டில் வராது என்பதையும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.